உம்கேனி வடிநிலத்தின் மண்ணிலும் காற்றிலும் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள்: எங்கிருந்து வருகின்றன, எங்கே தங்குகின்றன

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பெருமழை பெய்து ஓய்ந்ததும் உம்கேனி ஆற்றைப் பற்றி நாம் கேட்பதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, கடலில் இறங்கலாமா, ஈ.கோலை எவ்வளவு என்று கேட்கிறோம். அதிகாரிகளும் தண்ணீரைச் சோதித்துப் பதில் சொல்கிறார்கள். அந்தச் சோதனைகள் அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வகை மாசு அவற்றில் அகப்படுவதே இல்லை. சோபாவின் நுரைமெத்தையிலும், டிவிப் பெட்டியின் பின்புற உறையிலும், கட்டடங்களுக்குள் பொதியப்படும் வெப்பக்காப்புத் தகடுகளிலும் தீ பரவாமலிருப்பதற்காகக் கலக்கப்பட்ட புரோமின் சேர்மங்கள் தண்ணீரில் கரைய மறுப்பவை. தெளிந்த ஆற்றுநீரை ஒரு புட்டியில் மொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால், அவை ஏறக்குறைய இல்லை என்றே முடிவு வரும். அதே இடத்தில் கரையோர வண்டலை அள்ளிச் சோதித்தாலோ, வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் படிந்த தூசியைத் திரட்டிச் சோதித்தாலோ முடிவு வேறாக இருக்கும். இந்த மாசை அறிய வேண்டுமானால் மண்ணையும் தூசியையும் காற்றையும் பார்க்க வேண்டும். அதற்கான காரணங்களையும், நம் ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்பவர்களுக்கு அது ஏன் முக்கியம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் அவை செய்யும் வேலை. பிளாஸ்டிக்கோ நுரையோ தீப்பிடிக்கும்போது சூட்டில் சிதறும் மூலக்கூறுகளிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும் வெளிப்படுகின்றன. ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிட்டுத் தீயைச் சங்கிலித் தொடராக வளர்ப்பவை இவையே. புரோமின் சேர்மம் அந்தச் சூட்டில் உடைந்து ஹைட்ரஜன் புரோமைடு வாயுவை விடுகிறது. அது இந்தத் துணுக்குகளைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதால் சுடர் தளர்கிறது. புரோமினைப் பொருளோடு சேர்ப்பதில் இரண்டு முறைகள் உண்டு. மின்சுற்றுப் பலகைகளில் பயன்படும் டெட்ராபுரோமோபிஸ்பீனால்-ஏ பெரும்பாலும் பிசினின் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டப்படுகிறது. அது எளிதில் கழன்று வராது. பாலிபுரோமினேற்ற டைஃபினைல் ஈதர்கள் என்ற குடும்பமும், வெப்பக்காப்புத் தகடுகளில் கலக்கப்படும், சுருக்கமாக எச்பிசிடி எனப்படும் சேர்மமும் அப்படியல்ல. அவை பிளாஸ்டிக்கோடு வெறுமனே கலக்கப்படுபவை. பிணைப்பு எதுவும் இல்லாததால் பொருள் பயன்பாட்டில் இருக்கும் ஆண்டுகளிலேயே சிறிது சிறிதாக வெளியேறுகின்றன, பொருள் உடைந்து நொறுங்கும்போது துகளோடு துகளாகப் பரவுகின்றன. இந்த மாசின் வரலாறு முழுவதற்கும் அடிப்படை இந்த ஒரு தன்மைதான்.

ஈதர் குடும்பத்தில் கொள்கையளவில் 209 உறுப்பினர்கள் உண்டு. சந்தைக்கு வந்தவை மூன்று கலவைகள். பென்டா பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரைக்கும், ஆக்டா கணினி உறை போன்ற கடினப் பிளாஸ்டிக்குக்கும், டெக்கா டிவி உறைகளுக்கும் திரைச்சீலை, இருக்கைத் துணி ஆகியவற்றின் பின்பூச்சுக்கும் சென்றன. டெக்காவின் மூலக்கூறில் பத்து புரோமின் அணுக்கள் உள்ளன. அதன் எடையில் 83 சதவீதம் புரோமினே. பழைய டிவி ஒன்றின் உறையில் டெக்கா மட்டுமே பத்தில் ஒரு பங்கு எடைக்கு இருக்கலாம் என்பதை நினைவில் கொண்டால், ஒரு நகரம் முப்பது ஆண்டுகளில் தூக்கி எறியும் டிவிகளில் எவ்வளவு இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இவற்றின் ஆபத்தை உலகம் முதலில் உணர்ந்தது ஒரு விபத்தின் மூலம். 1973இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பைன் ஆற்றங்கரையிலிருந்த ஆலை ஒன்றிலிருந்து மாட்டுத் தீவனத்தில் சேர்க்க அனுப்ப வேண்டிய மக்னீசியம் ஆக்சைடுக்குப் பதிலாக, பாலிபுரோமினேற்ற பைஃபினைல் என்ற தீத்தடுப்பான் மூட்டைகள் போய்ச் சேர்ந்தன. தவறு தெரிய மாதங்களாயின. ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 லட்சம் கோழிகளையும் கொன்று புதைக்க நேர்ந்தது. அந்தப் பாலையும் இறைச்சியையும் உண்ட மக்களின் இரத்தத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சேர்மம் தென்பட்டது. மிச்சிகன் ஒரு பெருவிபத்து. ஸ்வீடனில் தெரியவந்ததோ விபத்தே இல்லாமல் நடந்தது. அங்கு ஆண்டுதோறும் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளைப் பின்னோக்கிச் சோதித்தபோது, 1972இல் ஒரு கிராம் பால்கொழுப்பில் 0.07 நானோகிராமாக இருந்த புரோமின் ஈதர்கள் 1997இல் 4.02 நானோகிராமாகப் பெருகியிருந்தன. சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவு இரட்டித்திருந்தது. ஆலையருகே வாழாத, சாதாரண வீடுகளில் வாழ்ந்த தாய்மார்களின் பால் அது.

அந்தக் கண்டுபிடிப்பு அரசுகளை அசைத்தது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் பென்டா, ஆக்டா கலவைகளின் முக்கியக் கூறுகள் 2009இலும், எச்பிசிடி 2013இலும், டெக்கா 2017இலும், குளோரின் கொண்ட மற்றொரு தீத்தடுப்பானான டெக்லோரேன் பிளஸ் 2023இலும் சேர்க்கப்பட்டன. தென்னாப்பிரிக்கா 2002இல் அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்த நாடு. ஆனால் உற்பத்தியை நிறுத்துவது ஒன்று, ஏற்கனவே வீடுகளிலும் அலுவலகங்களிலும் குப்பைமேடுகளிலும் இருப்பதைக் கையாள்வது வேறொன்று. இந்நாடு இவற்றைப் பெரும்பாலும் ஆயத்தப் பொருள்களின் உள்ளேதான் பெற்றது. எனவே இங்கே குற்றம் சாட்டுவதற்குப் பெரிய ஆலைப் புகைபோக்கி எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மாசு பல லட்சம் சிறு பொருள்களிலிருந்து வருகிறது.

வீட்டிலிருந்து அது வெளியேறும் விதம் கவனிக்கத்தக்கது. பழைய சோபாவின் உறையைக் கிழித்துப் பாருங்கள்: வெண்மையாக இருந்த நுரை மஞ்சளாகி, கட்டைவிரலால் அழுத்தினால் மாவாக உதிரும். படக்குழாய் கொண்ட பழைய டிவியின் பின்புறத்தில் சூடான காற்று வெளியேறும் பிளவுகளில் கரும்பஞ்சு போலத் தூசி ஒட்டியிருக்கும். குறைந்த புரோமின் கொண்ட ஈதர்கள் அறைச் சூட்டிலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன; டெக்கா போன்ற கனமானவை துகளில் ஒட்டிக்கொள்கின்றன. தூசி கூட்டப்பட்டு வாசலுக்குப் போகிறது, அல்லது கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. சாளரம் வழியே வெளியேறிய ஆவி, வெயில் தணிந்து இரவு குளிரும்போது மண்ணிலும் இலையிலும் படிகிறது. மறுநாள் சூடேறும்போது அதில் ஒரு பங்கு மீண்டும் எழுகிறது. இப்படி எழுவதும் படிவதுமாகத் தாவித் தாவிச் சென்றே இவை ஆர்க்டிக் வரை எட்டியிருக்கின்றன.

காற்றில் இவற்றை அளப்பதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. இரண்டு எஃகுக் கிண்ணங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் பொருத்தி, நடுவே சுமார் 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாலியூரித்தேன் நுரை வட்டு ஒன்றைச் செருகி, ஒரு கம்பத்தில் தொங்கவிடுகிறார்கள். மின்சாரம் தேவையில்லை, சத்தமும் இல்லை. கிண்ணங்களுக்கிடையே நுழையும் காற்றிலிருந்து நுரை இந்தச் சேர்மங்களை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து வட்டை எடுத்துக் கரைப்பானில் ஊறவைத்துப் பகுப்பாய்வு செய்கிறார்கள். 2004இல் தொடங்கிய உலகளாவிய காற்றுக் கண்காணிப்பு வலையமைப்பு இந்த எளிய கருவியைக் கொண்டே பல கண்டங்களை ஒப்பிடுகிறது. அளக்கும் பணம் இல்லை என்ற சாக்கை இந்தக் கருவியின் முன் வைக்க முடியாது என்று நான் கருதுகிறேன். பகுப்பாய்வுக்குத்தான் செலவு, அதைச் செய்யும் திறனுள்ள ஆய்வகங்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன.

மண் இந்த ஓட்டத்தின் பெரிய கிடங்கு. இலைமக்கும் பிற கரிமப் பொருளும் நிறைந்த மேல்மண் இந்தச் சேர்மங்களை இறுகப் பற்றிக்கொள்ளும்; அவை நிலத்தடி நீருக்கு இறங்குவது மிகக் குறைவு, மேலே சில அங்குலங்களில்தான் பெரும்பகுதி நிற்கும். அங்கே அழிய ஆண்டுகள் பல ஆகும். டெக்கா வெயில் பட்டும் நுண்ணுயிர்களாலும் சில புரோமின் அணுக்களை இழக்கலாம், ஆனால் அப்படி உருவாகும் சிறிய ஈதர்கள் உயிர்களின் உடலில் மேலும் எளிதாகச் சேர்பவை. காற்று தூய்மையாகத் தொடங்கினாலும் ஆபத்து உடனே தீராது: காற்றில் அளவு குறைந்ததும் மண் தன்னிடமுள்ளதை ஆவியாகத் திருப்பித் தரத் தொடங்கும், முன்பு வாங்கி வைத்த நிலம் பிறகு தானே மூலமாகிவிடும். 2005இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று இதில் நமக்கு மிக நெருக்கமானது. சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றை உரமாக இட்ட ஒரு பண்ணையையும், ஜவுளி ஆலைகள் அமைந்த விஸ்கன் ஆற்றின் வெள்ளம் பருவந்தோறும் பாயும் மற்றொரு பண்ணையையும் அது ஆராய்ந்தது. இரண்டிலும் மண்ணில் டெக்கா தங்கியிருந்தது, அந்த மண்ணில் வாழ்ந்த மண்புழுக்களின் உடலிலும் இருந்தது. ஆறு கரைபுரளும்போது தன் வண்டலோடு மாசையும் வயலில் இறக்கி வைக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி நம் ஆறு. நட்டால் மிட்லேண்ட்ஸ் மேட்டிலுள்ள உம்கேனி ஈரநிலத்தில் பிறந்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, டர்பனில் புளூ லகூன் முகத்தில் கடலைச் சேரும் உம்கேனியின் மேல் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகள் உள்ளன. டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குடிப்பது பெரும்பாலும் இந்த அணைகளின் தண்ணீரை. அணையில் நீர் தேங்கும்போது வண்டல் அடியில் படிகிறது. வண்டலோடு ஒட்டிய தீத்தடுப்பான்களும் படிகின்றன. குடிநீருக்கு இது ஒரு வகைப் பாதுகாப்பு. அதே காரணத்தால் அணையடிச் சேறு பல ஆண்டு மாசின் சேமிப்பாகிவிடுகிறது. இனாண்டா அணைக்கு மேலே வந்து சேரும் ம்சுன்டூசி ஆறு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் நடுவே ஓடி, அதன் மழைநீர்க் கால்வாய்களையும், டார்வில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தச் சேர்மங்களை அழிப்பதில்லை, சேற்றுக்கு மாற்றுகின்றன. அந்தச் சேறு எங்கே கொட்டப்படுகிறது என்பதே கேள்வி.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மலைகள் சூழ்ந்த கிண்ணத்தில் அமைந்த ஊர். குளிர்கால இரவுகளில் குளிர்ந்த கனமான காற்று அடியில் தங்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். புகை வெளியேற வழியிருக்காது. அப்படிப்பட்ட ஒரு ஜூலையில், 2020இல், ம்சுன்டூசிக் கரைக்கு அருகிலுள்ள நியூ இங்கிலாந்து சாலைக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள்கள் புகைந்தது. ஊர் முழுவதும் மூச்சுத் திணறியது. தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் அந்தக் குப்பைமேட்டின் நிர்வாகம் குறித்து நீதிமன்றம் சென்று 2021இல் தீர்ப்புப் பெற்றது. குப்பைமேட்டுத் தீயில் தீத்தடுப்பான்களுக்கு நேர்வது எளிதில் மறக்கப்படுகிறது. தீயைத் தடுக்க வைத்த பொருள், கலப்படமான குப்பையில், காற்று போதாமல் மெதுவாகப் புகையும் தீயில் எரியும்போது, முழுவதும் சிதையாமல் புரோமின் கொண்ட டயாக்சின்களாகவும் ஃப்யூரான்களாகவும் மாறுகிறது. இவை மூலப்பொருளைவிடப் பல மடங்கு நச்சுள்ளவை. செம்புக்காகக் கேபிள்களைத் திறந்தவெளியில் கொளுத்தும்போதும் இதே வேதியியல்தான் நடக்கிறது. அந்தச் சாம்பல் அடுத்த மழையில் ஓடைக்கு இறங்குகிறது. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கிப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் காற்று புகையையும் ஆறு செல்லும் திசையிலேயே கொண்டு செல்கிறது.

ஆற்றின் கீழ்க்கரைக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு பழையது. 1860இல் சென்னையிலிருந்து வந்த முதல் கப்பலுக்குப் பின், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடித்தவர்களில் பலர் ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் காய்கறி பயிரிட்டார்கள். ஆற்று வண்டல் தந்த வளம் அவர்களை அங்கே இருத்தியது. 1917 அக்டோபர் வெள்ளத்தில் படவட்டன் அறுவர் என்று இன்றும் நினைவுகூரப்படும் மீனவர்கள் படகில் சென்று 176 பேரைக் காப்பாற்றியதும் இதே கரையில்தான். 1976 வெள்ளத்துக்குப் பின் டின்டவுன் குடிசைகளில் இருந்தவர்கள் டர்பனுக்கு வடக்கேயுள்ள பீனிக்ஸ் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்கள். சமவெளி கிடங்குகளும் கடைகளும் தொழிற்கூடங்களுமாக மாறியது. அதற்கு அருகே, இந்தியர் குடியிருப்பாக ஒதுக்கப்பட்டிருந்த கிளேர் எஸ்டேட்டின் நடுவில், 1980இல் பிசாசர் சாலைக் குப்பைமேடு திறக்கப்பட்டது. வெள்ளையர் குடியிருப்புகளின் நடுவே அப்படி ஒன்றை அன்றைய நிறவெறி அரசு திறந்திருக்குமா என்ற கேள்விக்கு விடை எல்லாருக்கும் தெரியும். அதை மூடக் கோரிப் பல ஆண்டுகள் போராடிய சஜிதா கான் 2007இல் புற்றுநோயால் இறந்தார். குப்பைமேட்டின் ஒரு பக்கம் கென்னடி சாலைக் குடிசைப்பகுதி. பக்கத்திலேயே உம்கேனியில் கலக்கும் பால்மியட் ஓடை. 1980களிலும் 1990களிலும் டர்பன் எறிந்த டிவிகளும் மெத்தைகளும் கணினிகளும் கணிசமாக இந்த மண்ணுக்கடியில்தான் இருக்கின்றன. பென்டாவும் ஆக்டாவும் தாராளமாகக் கலக்கப்பட்ட காலமும் அதுவே.

இங்கே எதுவும் அளக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரின் ஆறுகளிலிருந்தும் துறைமுகக் கழியிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் எடுத்த மேல்வண்டலை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு புரோமின் தீத்தடுப்பான்களைப் பரவலாகக் கண்டது. பழைய ஈதர்களோடு, அவற்றுக்கு மாற்றாக அறிமுகமான புதிய சேர்மங்களும் அந்த வண்டலில் இருந்தன. டர்பன் வீடுகளிலும் பல்கலைக்கழக அறைகளிலும் திரட்டிய உள்வீட்டுத் தூசியிலும், மின்கழிவு பிரிக்கும் கூடங்களின் தூசியிலும் ஈதர்களும், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபிகள் என்ற குளோரின் சேர்மங்களும் இருப்பதை 2015இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஜோகன்னஸ்பர்க் அமைந்த கௌட்டெங் மாகாணத்தின் ஜூக்ஸ்கே ஆற்று வண்டலிலும், கேப் டவுன் குப்பைமேடுகளின் கசிவுநீரிலும் இதே குடும்பம் பதிவாகியுள்ளது. தீத்தடுப்பான்களுக்கு நெருங்கிய உறவான பிசிபிகளை நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் காற்று, மண், பால் ஆகிய மூன்றிலும் ஒருசேர அளந்த முன்மாதிரியும் இருக்கிறது. குறை என்னவென்றால், இவை தனித்தனிப் படங்கள். ஒரே வடிநிலத்தில், மேட்டிலிருந்து கழிமுகம் வரை, காற்றையும் மண்ணையும் வண்டலையும் ஒரே ஆண்டில் சேர்த்து அளந்தால்தான் எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியும்.

உடலுக்குள் இவை செல்லும் வழிகளில் முதன்மையானது தூசி. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தை, தன் எடைக்கு ஒப்பிட்டால், பெரியவர்களைவிடப் பல மடங்கு வாங்கிக்கொள்கிறது. இந்த ஈதர்களின் வடிவம் தைராய்டு இயக்குநீரான தைராக்சினை ஒத்தது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்வதற்கு அந்த இயக்குநீர் தடையின்றி வேலை செய்ய வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, தாயின் உடலில் ஈதர் அளவு பத்து மடங்கு கூடும்போது குழந்தையின் நுண்ணறிவு எண் ஏறத்தாழ 3.7 புள்ளி குறைவதோடு அது தொடர்புறுவதாகக் கணித்தது. இதைப் படிக்கும் இளம் தாய் எவரும் தாய்ப்பாலை நிறுத்த நினைக்க வேண்டாம். தாய்ப்பாலின் நன்மை இந்த ஆபத்தைவிட மிகப் பெரியது என்பதே மருத்துவ உலகின் உறுதியான நிலைப்பாடு.

உணவு வழியில் மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. கொல்லையில் மேயும் கோழி புழுவையும் தானியத்தையும் கொத்தும்போது நாளொன்றுக்குப் பல கிராம் மண்ணையும் விழுங்குகிறது. கொழுப்பில் சேரும் சேர்மங்கள் மஞ்சள்கருவுக்குப் போகின்றன. உலகெங்கும் குப்பை எரிக்கும் இடங்களுக்கு அருகே நாட்டுக்கோழி முட்டையைச் சோதிப்பதன் காரணம் இதுவே. கூண்டுக் கோழி முட்டையைவிட நாட்டுக்கோழி முட்டை நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது பொதுவாகச் சரி. குப்பை எரிந்த நிலத்திலும் கேபிள் கொளுத்திய மூலையிலும் மேயும் கோழிக்கு அது பொருந்தாது. ஆற்றோர ஈரத்தில் நாம் விரும்பிப் பயிரிடும் மதும்பிக் கிழங்கும் (சேப்பங்கிழங்கு) கீரைகளும் இவ்வளவு அஞ்ச வேண்டியவை அல்ல. வேர் வழியாக உள்ளே ஏறுவது குறைவு. தோலிலும் இலையிலும் ஒட்டியிருக்கும் மண்தான் சிக்கல், நன்றாகக் கழுவித் தோல் சீவினால் பெரும்பகுதி போய்விடும். புளூ லகூனில் தூண்டில் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது சேற்றடியில் மேயும் கொழுத்த மீன்களை. வண்டலிலிருந்து புழுவுக்கும் புழுவிலிருந்து மீனுக்கும் இந்தச் சேர்மங்கள் ஏறிச் செறிபவை.

சட்டம் தாளளவில் முன்னேறியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் மின்கழிவைக் குப்பைமேட்டில் புதைப்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் தடை இருக்கிறது. அதே ஆண்டில் மின்பொருள் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் தங்கள் பொருளின் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதிகளும் நடைமுறைக்கு வந்தன. நடைமுறையில், நெருக்கமான தெருக்களில் பழைய டிவியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமல் வாசலில் வைப்பவர்கள் அதிகம். அதை எடுத்துச் செல்லும் பொறுக்குநர் செம்பையும் அலுமினியத்தையும் விற்பார். புரோமின் செறிந்த பிளாஸ்டிக் உறைக்கு விலை கிடையாது, அது ஓடைக்கரையில் விழுகிறது. அவரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மாநகருக்கு இலவசமாகச் சேவை செய்பவர் அவர். விலையில்லாத உறைக்கும் அவருக்கு ஒரு தொகை கிடைக்கும்படி உற்பத்தியாளர் நிதியிலிருந்து ஏற்பாடு செய்தால் மாசின் பெரிய வாசல் ஒன்று அடைபடும். மறுசுழற்சியிலும் எச்சரிக்கை வேண்டும். மின்கழிவின் கறுப்புப் பிளாஸ்டிக் உருக்கப்பட்டு விளையாட்டுப் பொருளாகவும் சமையலறைக் கரண்டியாகவும் திரும்பி வருவது பல நாடுகளில் நிறுவப்பட்டுள்ளது. இது குறித்து 2024இல் பெரிதும் பேசப்பட்ட ஆய்வு ஒன்றில் பாதுகாப்பு வரம்பைப் பத்து மடங்கு குறைத்துக் காட்டிய கணக்குப்பிழை இருந்தது உண்மை. ஆனால் டெக்கா அந்தப் பொருள்களில் இருந்ததும் உண்மையே.

தீயிலிருந்து உயிரைக் காக்கும் பொருளைக் குறை சொல்லலாமா என்ற எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குடிசைத் தீயில் குடும்பங்கள் அழிவதை டர்பன் ஆண்டுதோறும் பார்க்கிறது. ஆனால் மெழுகுவர்த்தியும் பாரஃபின் அடுப்பும் கவிழ்ந்து பலகையும் நெகிழித்தாளும் பற்றும் அந்தத் தீயைச் சோபாவின் நுரையிலுள்ள பென்டா தடுப்பதில்லை. பாதுகாப்பான மின்னிணைப்பும், வீடுகளுக்கிடையே இடைவெளியும், அருகில் தண்ணீர்க் குழாயும் தடுக்கும். நுரையில் வேதிப்பொருளைக் கட்டாயமாக்கியதில் முன்னோடியான கலிஃபோர்னியாவே 1975இல் கொண்டுவந்த தன் அறைகலன் விதியை 2013இல் திருத்தி, நுரைக்கான சுடர்ச் சோதனையைக் கைவிட்டு, சிகரெட் நெருப்பு மேலுறைத் துணியில் கனன்று பரவாமலிருக்கிறதா என்ற சோதனைக்கு மாறியது. இதை வேதிப்பொருள் சேர்க்காமலே நிறைவேற்றலாம். மின்கருவிகளின் உள்ளே தடுப்பான் தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே பிணைப்புள்ள வகைகளையோ உலோக உறைகளையோ பயன்படுத்தலாம். ஒன்றைத் தடைசெய்தவுடன் அதன் தம்பியைச் சந்தைக்கு அனுப்பும் வழக்கம்தான் கவலை தருவது. டெக்காவின் இடத்தில் ஏறக்குறைய அதே வடிவிலான டெக்காபுரோமோடைஃபினைல் ஈத்தேன் வந்தது. நுரையில் பென்டாவின் இடத்தைக் குளோரின் கொண்ட பாஸ்பேட்டுகள் பிடித்தன. பாஸ்பேட்டுகள் நீரில் ஓரளவு கரைபவை என்பதால், அவற்றைப் பொறுத்தவரை நாம் மீண்டும் தண்ணீர்ப் புட்டியையும் தேட வேண்டியிருக்கும்.

அளவீட்டை எங்கே தொடங்குவது என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. 1980களின் இறுதியில் நிரம்பத் தொடங்கிய இனாண்டா அணையின் அடிச்சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அதில் ஒரு நீண்ட குழாயை இறக்கி எடுத்து, அடுக்குகளின் வயதைக் கணித்துச் சோதித்தால், பென்டா எப்போது உயர்ந்தது, தடைக்குப் பின் இறங்கியதா, மாற்றுச் சேர்மங்கள் எந்த ஆண்டில் நுழைந்தன என்பதெல்லாம் ஒரே மாதிரியில் தெரியவரும். அதோடு மிட்மாருக்கு மேலே ஒன்று, பீட்டர்மாரிட்ஸ்பர்க் குப்பைமேட்டருகே ஒன்று, கிளேர் எஸ்டேட்டில் ஒன்று, கழிமுகத்தில் ஒன்று என நுரை வட்டுகளைக் கோடையிலும் குளிர்காலத்திலும் தொங்கவிட வேண்டும். பள்ளித் தோட்டங்களின் மேல்மண்ணையும் அருகிலுள்ள வீடுகளின் முட்டையையும் அதே ஆய்வில் சேர்க்க வேண்டும். முடிவுகளைத் தமிழும் சுலுவும் ஆங்கிலமும் பேசும் அந்தந்தத் தெருக்களுக்கே முதலில் தர வேண்டும்.

அளவீடு முடியும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 11, 12 நாள்களின் மழையில் இம்மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உம்கேனியின் கரையில் சீ கவ் லேக் அருகிலுள்ள வடக்குச் சுத்திகரிப்பு நிலையமும் சேதமடைந்தது. உயிரிழப்பின் துயரத்தில், வெள்ளத்தில் நனைந்த மெத்தைகளும் டிவிகளும் என்ன ஆயின என்ற கேள்வி பின்னுக்குப் போனது இயல்பே. அடுத்த வெள்ளத்துக்கு முன்பே அதற்கு விடை வேண்டும். வெள்ளக் கழிவில் நுரையையும் மின்பொருளையும் மற்றவற்றோடு கலக்காமல் தனி வண்டியில் ஏற்ற வேண்டும், தெருமுனையில் எரிக்க விடக்கூடாது, வீட்டுக்குள் படிந்த சேற்றை உலர்ந்து தூசியாகப் பறக்கும் முன் ஈரமாக இருக்கும்போதே வாரி அகற்ற மக்களுக்குக் கையுறையும் சாக்கும் தர வேண்டும். இதற்கான கிடங்கு இடத்தையும் ஒப்பந்தத்தையும் மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்கும் அக்டோபருக்கு முன் அறிவித்துவிட்டால், கீழ்க்கரைத் தெருக்களில் இருப்பவர்கள் தங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்த அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்க முடியும்.